தனியாத்தான் போறேன்

இத்தாலியில், பொலோஞ்ஞா ரயில் நிலையத்தின் பின்பக்கம், தண்டவாளங்களைத் தாண்டினால் வரும் தெருவில் நீவெஸ் பெண்களுக்கான பார்லர் வைத்திருந்தாள். செவ்வாயிலிருந்து சனி வரை அவள் கைகள் பிறத்தியார் தலையிலும், காதுகள் பிறத்தியார் கதையிலும் கிடக்கும். நாற்காலியில் உட்கார வைத்துக் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டியதுமே பெண்களுக்கு வாய் திறந்துகொள்ளும். மருமகள் பண்ணுகிற அநியாயம், மூட்டுவலி, மேல்வீட்டு நாய், செத்துப்போன புருஷனைப் பற்றி இப்போதுதான் தெரியவந்த ஒரு சேதி. நீவெஸ் கத்தரியை ஓட்டிக்கொண்டே "அப்படியா?" என்பாள், "அடக் கடவுளே" என்பாள், "நீ செஞ்சதுதான் சரி" என்பாள். அந்தத் தெருவில் அவளைவிட நல்ல காது யாருக்கும் இல்லை என்று பெயர்.

திங்கட்கிழமை எல்லாப் பார்லர்களையும் போல அவளுக்கும் விடுமுறை. ஆனால் மற்ற எல்லோருக்கும் அது வேலைநாள். கணவன் ஓரெஸ்தே காலையிலேயே தன் ஸ்கூட்டர் பட்டறைக்குப் போய்விடுவான். மகன் ஜெர்மனியில். ஆகவே திங்கட்கிழமைகளில் நீவெஸ் திரைச்சீலைகளைத் துவைத்தாள், அலமாரியை ஒழுங்குபடுத்தினாள், சாயங்காலம் ஆனதும் ஒரு நாள் எங்கே போனது என்று யோசித்தாள். ஐம்பத்தேழு வயது வரைக்கும் இப்படித்தான்.

ஊர் சுற்றாதவள் என்றும் சொல்ல முடியாது. ஓரெஸ்தேயின் அக்கா மஃபால்டா, பார்லருக்கு அடுத்த கதவில் காபிக் கடை நடத்தினாள். கடைக்கு வருகிறவர்களைத் திரட்டி, பேருந்து பிடித்து, வருஷத்துக்கு நாலைந்து ஞாயிற்றுக்கிழமை எங்காவது கூட்டிப்போவாள். மடக்குக் குடை ஒன்றைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடக்க, ஐம்பது பேர் பின்னால் போக வேண்டும். யாராவது ஒருவர் கழிப்பறைக்குப் போனால் நாற்பத்தொன்பது பேர் நிற்க வேண்டும். நீவெஸ் எல்லாப் பயணத்திலும் உண்டு. நாத்தனார் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லவா முடியும்?

அந்த செப்டம்பரில் ஃபெர்ராரா போயிருந்தார்கள். அந்த ஊரைச் சுற்றி பழைய கோட்டை மதில் ஓடுகிறது. மதிலின் மேலே மண்பாதை, பாதையின் இருபுறமும் மரங்கள், மரங்களுக்கு நடுவே ஆட்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் எதற்கும் அவசரப்படுகிற மாதிரி தெரியவில்லை. ஒரு கிழவி முன்கூடையில் பூசணிக்காயோடு, ஏதோ முணுமுணுத்தபடி மிதித்துப் போனாள். நீவெஸ் நின்றுவிட்டாள்.

"மஃபால்டா, ஒரு அரைமணி நேரம் சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கவா?"

"ஏண்டி, இங்க ஐம்பது பேரு பசியில காஞ்சிக்கிட்டு நிக்கிறாங்க, உனக்கு சைக்கிள் கேக்குதா? நேரமில்ல, நட நட!"

குடை முன்னால் போனது. நீவெஸும் போனாள். ஆனால் திரும்பி வரும்போது பேருந்து முழுக்கப் பாட்டும் கூச்சலுமாக இருக்க, அவள் மட்டும் சன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள்.

அன்று இரவு படுக்கையில் சொன்னாள்: "நாளைக்கு ஃபெர்ராரா போறேன்."

"இப்பத்தானே அங்கிருந்து வந்து ஷூவைக் கழட்டினோம்?"

"சைக்கிள் ஓட்டணும்."

"யாரோட?"

"தனியாத்தான்."

ஓரெஸ்தே நல்ல நகைச்சுவையைக் கேட்டவன் மாதிரி சிரித்துவிட்டு மறுபக்கம் திரும்பிக் குறட்டை விட்டான்.

அவள் போனாள். சைக்கிளில் ஏறி முதல் நூறடி பயந்து பயந்து ஓட்டினாள். அதற்குப் பிறகு மதிலைச் சுற்றி முழுவட்டம் வந்தாள், மறுபடியும் ஒரு வட்டம் வந்தாள். யாரும் அவளிடம் பேசவில்லை. அவளும் யாருக்கும் "அப்படியா?" சொல்லவில்லை. இலைகள் டயருக்கடியில் நொறுங்குகிற சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. மதியம் ஆனதும்தான் சங்கடம் வந்தது. உணவகத்து வாசலில் பரிமாறுகிற பையன் "எத்தனை பேர்?" என்றான். தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று நீவெஸ் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. "சும்மா... பாக்க வந்தேன்" என்று உளறிவிட்டு வெளியே வந்து, மதிலோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, பன்றித்தொடை வைத்த ரொட்டியைச் சாப்பிட்டாள். ஆனாலும் வீடு திரும்பும்போது, ரயில் பெட்டியில், வாய்க்குள் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். தனக்குப் பாட்டு வரும் என்பதையே அவள் மறந்து போயிருந்தாள்.

அதற்குப் பிறகு திரைச்சீலைகள் அழுக்காகவே தொங்கின.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசி வாடிக்கையாளர் போனதும், தரையில் கிடக்கிற முடியைக் கூட்டி அள்ளிவிட்டு, விளக்கை ஒன்று மட்டும் விட்டு மற்றதை அணைத்துவிட்டு, வாடிக்கையாளர் உட்காருகிற நாற்காலியில் நீவெஸ் தானே உட்காருவாள். கைப்பேசியில் ரயில் நேரங்களைத் திறந்துகொள்வாள். பொலோஞ்ஞாவிலிருந்து எல்லாப் பக்கமும் வண்டி போகிறது. அதுவே ஒரு தலைவலி. ஆரம்பத்தில் அவள் வைத்துக்கொண்ட நிபந்தனை ஒன்றுதான்: வண்டி மாறக் கூடாது. மாறும் இடத்தில் தொலைந்து போய்விடுவோம் என்று பயம். ஆகவே ரவென்னா போனாள், ரிமினி போனாள், பார்மா போனாள்.

போகப் போக வேறு கணக்குகள் சேர்ந்தன. பார்லரில் யாராவது "நீ கட்டாயம் பாத்தே ஆகணும்" என்று அடித்துச் சொன்னால் அந்த ஊரைத் தள்ளிப்போட்டாள். அங்கே போனால் திரும்பி வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். திங்கட்கிழமைகளில் பாதி அருங்காட்சியகங்கள் மூடிக் கிடக்கும் என்பதால் அதைப் பற்றியே கவலைப்படவில்லை. தெருக்களுக்கு ஏது விடுமுறை? அப்புறம் அவள் கண்டுபிடித்த பெரிய விஷயம், ஊரை வரைபடத்தில் தேடுவதற்கு முன்னால் தன் உடம்பில் தேட வேண்டும் என்பது. வாரம் முழுக்க நின்று கால் கடுத்திருந்தால் கடல். நவம்பரில் கடற்கரையில் ஈ காக்கை இருக்காது. காற்றுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து கொள்ளலாம். மனசு மந்தமாக இருந்தால் சந்தை கூடுகிற ஊர். கோபமாக இருந்தால் படிகள் நிறைய உள்ள ஊர்.

உணவக வாசலில் நிற்பதும் பழகிப்போனது. ரவென்னாவில், "எத்தனை பேர்?" என்றதற்கு "ஒருத்தி" என்று மெல்லிய குரலில் சொன்னாள். கழிப்பறைக் கதவோரமாக ஒரு குட்டி மேசையைக் காட்டினார்கள். உட்கார்ந்தாள். பார்மாவில், "ஒருத்தி. சன்னலோரம் வேணும்" என்றாள். சன்னலோரம் கிடைத்தது. அன்று அவள் அரைக் குப்பி ஒயினை நிதானமாகக் குடித்துக்கொண்டு, வெளியே போகிறவர்களின் தலைமுடியைப் பார்த்தாள். யாருடைய முடியையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு முறையும் எங்கே போகிறாள் என்று ஓரெஸ்தேயிடம் உண்மையைத்தான் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவன் "யாரோட?" என்று கேட்டான், அவள் "தனியாத்தான்" என்றாள். முதல் இரண்டு தடவை சிரித்தான். மூன்றாம் தடவை சிரிக்கவில்லை.

சிரிப்பை நிறுத்தியது மஃபால்டா. தன் பேருந்துப் பயணங்களை விட்டுவிட்டு ஒருத்தி தனியாக ஊர் சுற்றுவதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை. அதுவும் தன் தம்பி பெண்டாட்டி! அக்டோபர் கடைசியில் நடந்த பயணத்துக்கு நீவெஸ் "என்னால வர முடியாது" என்று சொன்னது அவளுக்குத் தீராத புண். தம்பி காபி குடிக்க வரும்போதெல்லாம் கவுண்டருக்கு மேலே சாய்ந்து ஏதாவது சொல்லிவைப்பாள். நீவெஸுக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம், நவம்பரில் ஒரு சனிக்கிழமை, முடிக்குச் சாயம் போட மஃபால்டா அவள் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததுதான். மஃபால்டாவின் முடி செர்ரிப் பழ நிறம். இருபது வருஷமாக அதே நிறம். அந்தத் தெருவில் வேறு யாரும் அதைப் போட்டுக்கொள்ளத் துணிந்ததில்லை.

"திங்கட்கிழமை எங்க பயணம், மகாராணிக்கு?" என்றாள் மஃபால்டா கண்ணாடியைப் பார்த்து.

"இன்னும் முடிவு பண்ணல."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு?"

"ஏன், லிப்ஸ்டிக்கு ஜோடியோடதான் போடணும்னு சட்டம் இருக்கா?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. பொம்பளைங்க தனியா ஊருக்குப் போறாங்க, தனியா சாப்பிடுறாங்க, தனியா சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வர்றாங்க. காலம் மாறிப்போச்சு. நல்லா இருக்கட்டும்."

நீவெஸின் கையில் சாயப் பிரஷ் இருந்தது. ஒரு நிமிடம், அந்த முழுக் கிண்ணத்தையும் நாத்தனார் தலையில் கவிழ்க்கலாமா என்று தோன்றியது. கவிழ்க்கவில்லை. வேலையை ஒழுங்காக முடித்து அனுப்பினாள். ஆனால் அன்று சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தபோது அவளுக்கு இருந்த கோபத்துக்கு சாதாரணப் படிகள் போதாது என்று தெரிந்தது. தேடித் தேடி பிரிஸிகெல்லாவைக் கண்டுபிடித்தாள். மூன்று குன்றுகள், ஒன்றில் கோட்டை, ஒன்றில் மணிக்கூண்டு, ஒன்றில் கோயில். மூன்றிலும் ஏற வேண்டும். ஃபயென்ஸாவில் வண்டி மாற வேண்டும் என்றும் போட்டிருந்தது. அவளுக்கு இருந்த வேகத்தில் அந்த பயமும் பறந்துவிட்டது.

திங்கள் காலை. ஃபயென்ஸாவில் இறங்கி, அடுத்த நடைமேடைக்குப் போய், மலைப்பக்கம் போகிற சின்ன வண்டியில் ஏறினாள். அவ்வளவுதானா வண்டி மாறுவது என்று இருந்தது. சந்தோஷத்தில் சன்னல் பக்கம் திரும்பியவளின் கண்ணில், நடைமேடைத் தூணுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து பின்பெட்டியில் ஏறுகிற ஒரு செர்ரிச் சிவப்பு பட்டது.

தன் கையால் கலக்கிய சாயத்தை எந்தப் பார்லர்காரியும் மறக்க மாட்டாள். அதுவும் போட்டு முழுசாக இரண்டு நாள் ஆகவில்லை.

அந்தச் சிவப்புக்குப் பின்னால், குனிந்து குனிந்து, தலையில் ஒரு தொப்பியோடு ஓர் ஆள் ஏறினான். முகம் தெரியவில்லை. ஆனால் தொப்பிக்கும் காலருக்கும் நடுவே தெரிந்த பிடரியை அவள் முப்பது வருஷமாகச் சமையலறை முக்காலியில் உட்கார வைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறாள். இடது காதுக்குக் கீழே முடி சுழித்துக்கொண்டு நிற்கும் அந்த இடம் வரைக்கும் தெரிந்தது.

வண்டி நகர்ந்தது. நீவெஸுக்கு முதலில் வந்தது ஆத்திரம். பின்பெட்டிக்குப் போய் இருவரையும் நாலு பேர் முன்னால் கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்று எழுந்தாள். ஒரு தடவையாவது நான் பொய் சொன்னேனா? ஊர் பெயர் சொன்னேன், வண்டி நேரம் சொன்னேன், சாப்பிட்டதைக்கூடச் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லியும் நம்பவில்லையே, இந்த மனுஷன். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. பெட்டிகளுக்கு நடுவே இருந்த கண்ணாடிக் கதவு வரை போனாள். அங்கிருந்து ஓரெஸ்தேயை முழுசாகப் பார்த்தாள்.

அவன் டை கட்டியிருந்தான்.

ஓரெஸ்தே டை கட்டி அவள் கடைசியாகப் பார்த்தது மகன் கல்யாணத்தில். நல்ல கோட்டைப் போட்டிருந்தான். ஷூ பளபளவென்று இருந்தது. முகம் இரண்டு தடவை மழித்த மாதிரி சிவந்து கிடந்தது. அவளோடு சுற்றுகிறான் என்று நினைத்த அந்த இன்னொருத்தன் முன்னால் நிற்க வேண்டி வந்தால் கிரீஸ் படிந்த ஆளாக நிற்கக் கூடாது என்று அவன் விடியற்காலையில் எழுந்து கண்ணாடி முன்னால் பாடுபட்டிருக்கிறான் என்பது அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு தன் இருக்கைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். எதிரே இருந்த கன்னியாஸ்திரீ ஒருத்தி, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கேன், சிஸ்டர்" என்றாள் நீவெஸ்.

அன்று அவள் பிரிஸிகெல்லாவை எப்படிச் சுற்றினாள் என்பதை மஃபால்டா சாகும்வரை மறக்கப் போவதில்லை. ஸ்டேஷனிலிருந்து நேராக மணிக்கூண்டுக் குன்றுக்கு ஏறினாள். ஏறி நின்று, கையைக் கண்ணுக்கு மேலே வைத்து, யாரையோ எதிர்பார்க்கிறவள் மாதிரி நாலு திசையும் பார்த்தாள். கீழே புதர் ஓரத்தில் இரண்டு தலைகள் சட்டென்று தாழ்ந்தன. பிறகு கோட்டைக் குன்றுக்கு நடந்தாள். பாதியில் நின்று லிப்ஸ்டிக்கை எடுத்துப் பூசிக்கொண்டாள். பின்னாலிருந்து, மலையடிவாரம் வரை கேட்கும் ரகசியக் குரலில், "பாத்தியா! பாத்தியா! நான் சொன்னேன்ல!" என்று வந்தது. கோட்டையிலிருந்து இறங்கிக் கோயில் குன்றுக்குப் போனாள். வழியில் ஒரு தடவை, வேண்டுமென்றே, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

கோயில் வாசலில் நின்றபோது கீழே தெரிந்த காட்சியில் அவளே விளையாட்டை மறந்துவிட்டாள். மூடுபனி பள்ளத்தாக்கை விட்டு எழும்பிக்கொண்டிருந்தது. ஆலிவ் மரங்கள் வெள்ளி மாதிரி மினுங்கின. எங்கேயோ சருகு எரிகிற வாசனை. இந்த ஒரு காட்சிக்காகவே வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, கீழ்ப்படிகளில் ஓரெஸ்தே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவது தெரிந்தது. அவனுக்கு வலது முழங்கால் எப்போதும் தகராறு. மஃபால்டா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் தலையை ஆட்டினான். பிறகு, டையைச் சரிசெய்துகொண்டு, எழுந்து, மறுபடியும் ஏற ஆரம்பித்தான்.

போதும் என்று முடிவு செய்தாள் நீவெஸ்.

கீழே ஊருக்குள், திங்கட்கிழமையிலும் திறந்திருந்த உணவகம் ஒன்று கிடைத்தது. உள்ளே கணப்பு எரிந்துகொண்டிருந்தது. உரிமையாளர் குண்டாக, சிவந்த கன்னத்தோடு வந்து நின்றார்.

"எத்தனை பேர், சிஞ்ஞோரா?"

"இப்போதைக்கு ஒருத்தி. சன்னலோரம்."

உட்கார்ந்தாள். சூப்பில் மிதக்கிற கப்பெல்லெத்தி என்னும் குட்டிக் கொழுக்கட்டைகளைக் கொண்டுவரச் சொன்னாள். சன்னல் வழியே, சதுக்கத்துக்கு எதிர்ப்பக்கம், ஒரு தூணுக்கு இந்தப் பக்கம் செர்ரித் தலையும் அந்தப் பக்கம் நல்ல கோட்டின் முழங்கையும் தெரிந்தன. குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஆவி பறக்கும் கிண்ணம் மேசைக்கு வந்தபோது முழங்கை கொஞ்சம் நீண்டது; பிறகு ஒரு முழு மூக்கும் தெரிந்தது.

உரிமையாளர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "சிஞ்ஞோரா, பயப்படாதீங்க. அங்க ரெண்டு பேரு ரொம்ப நேரமா உங்களையே நோட்டம் விடுறாங்க. பார்வையே சரியில்ல. போலீசைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம். அந்த ஆம்பளை என் புருஷன். அந்தம்மா என் நாத்தனார். நான் யாரோடயோ ஓடிப்போறேன்னு புடிக்க வந்திருக்காங்க."

உரிமையாளர் சன்னலைப் பார்த்தார். காலி நாற்காலியைப் பார்த்தார். "யாரோட?"

"அதைத்தான் அவங்களும் தேடிக்கிட்டு இருக்காங்க. போய் சொல்லுங்க, சூப்பு ஆறுதுன்னு."

அவர் நெஞ்சு குலுங்கச் சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போய், சதுக்கம் முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினார்: "தூணுக்குப் பின்னாடி இருக்கிறவங்களே! வாங்க உள்ளே! உங்க வீட்டம்மா கூப்பிடுறாங்க, சூப்பு ஆறுதாம்!"

கொஞ்ச நேரம் தூண் அசையவில்லை. பிறகு இருவரும் வந்தார்கள். ஓரெஸ்தே தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு வந்தான். மஃபால்டா தலையை நிமிர்த்திக்கொண்டு, சோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி, மேசைக்கடியில்கூட ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"எங்க அவன்?"

"எவன்?"

"நடிக்காதடி. மூணு மலை ஏறினியே, யாருக்காக ஏறின?"

"உனக்காகத்தான் ஏறினேன், மஃபால்டா. சனிக்கிழமை நீ பேசின பேச்சுக்கு. ஒரு மலை பத்தாதுன்னு தோணுச்சு."

பக்கத்து மேசைக் கிழவர் ஒருவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அப்போ ஆளு இல்லையா?" என்றாள் மஃபால்டா. அவள் குரலில் ஏமாற்றம் அப்பட்டமாக இருந்தது.

"இல்ல."

"ஒருத்தன்கூட இல்லையா?"

"நீ பாதி நாளா பாத்துக்கிட்டுத்தானே இருந்த? எவனாவது வந்தானா?"

"அந்த மணிக்கூண்டுல ஆறு மணி வரைக்கும்தான் நம்பரே போட்டிருக்கான்," என்று மஃபால்டா முனகினாள். "மீதி நேரத்தை எவன் தின்னான்னு தெரியல. ஊரா இது? என் குதிகால் போச்சு." இரண்டு கிண்ணங்கள் வந்தன. அவள் கரண்டியை எடுத்தாள். எடுத்தவள் கிண்ணத்திலேயே மூழ்கிவிட்டாள்.

ஓரெஸ்தே சாப்பிடவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் உண்மையத்தானே சொன்னேன், ஓரெஸ்தே. ஒவ்வொரு தடவையும்."

"சொன்ன. ஆனா நீ பாட ஆரம்பிச்சுட்டியே."

"என்னது?"

"வீட்ல. பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது. பாடிக்கிட்டே இருக்க. இத்தனை வருஷத்துல நீ பாடி நான் கேட்டதே இல்ல. யாரோ ஒருத்தன்தான் உன்னைப் பாட வைக்கிறான்னு நெனச்சேன்." அவன் தொப்பியை மறுபடியும் திருகினான். "அது நான் இல்லைன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சுது."

கிழவரின் கரண்டிகூட அந்தரத்தில் நின்றது. நீவெஸ் எட்டி அவன் டை முடிச்சைச் சரிசெய்தாள்.

"வாரம் பூரா ஊரு கதையைக் கேக்குறேன். சாயங்காலம் உன் கதையைக் கேக்குறேன், உன் அக்கா கதையைக் கேக்குறேன். ஒரே ஒரு நாள் யார் கதையும் கேக்காம இருந்தா, தானா பாட்டு வருது. அவ்வளவுதான். எந்த ஆம்பளையும் இல்ல. எங்க போகலாம்னு நானே யோசிக்கிறேன், நானே போறேன், புடிச்ச இடத்துல நிக்கிறேன். யாரும் குடையைத் தூக்கிக்கிட்டு நடக்கல."

மஃபால்டாவுக்கு இருமல் வந்தது.

"என்கூட வரலாமில்ல?" என்றான் ஓரெஸ்தே.

"வர்றேன். ஞாயித்துக்கிழமை வர்றேன், எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போ. திங்கக்கிழமை மட்டும் எனக்கு."

ஓரெஸ்தே தொப்பியை மடியில் வைத்தான். பிறகு கரண்டியை எடுத்தான். ஒரு வாய் சூப்பைக் குடித்ததும் அவன் முகம் மாறியது. கிண்ணத்தைக் குனிந்து முகர்ந்தான். "இது... என்ன இது, இவ்வளவு நல்லா இருக்கு?" என்றான். உரிமையாளர் அதற்காகவே காத்திருந்தவர் போல இன்னொரு கிண்ணத்தோடும் ஒரு ஜாடி சிவப்பு ஒயினோடும் வந்தார். கிழவரும் தன் குவளையைத் தூக்கிக்கொண்டு மேசை மாறி வந்து உட்கார்ந்துவிட்டார். மஃபால்டா அவருக்குத் தன் காபிக் கடையின் விலாசத்தைச் சொன்னாள். சாயங்காலம் திரும்புகிற வண்டியில் ஓரெஸ்தே, நீவெஸின் தோளில் தலைவைத்து, டை கழுத்தோரம் சாய்ந்து கிடக்க, ஃபயென்ஸா வரும்வரை தூங்கினான்.

மறுநாள் காலைக்குள் தெருவுக்கே கதை தெரிந்துவிட்டது, பரப்பியவள் மஃபால்டாதான். அவள் சொன்ன கதையில் மலைகள் இன்னும் உயரமாக இருந்தன, தம்பியைப் பாதி வழிக்கு மேல் அவளே முதுகில் சுமந்திருந்தாள். பார்லர் நாற்காலியில் உட்கார்ந்த பெண்கள் இப்போது மருமகளைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, "எனக்கு புதன்கிழமை லீவு, நான் எங்க போகலாம் நீவெஸ்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "முதல்ல உனக்குக் கால் வலிக்குதா, கோபம் வருதா, அதைச் சொல்லு" என்பாள் அவள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ஓரெஸ்தே பார்லர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். கையைப் பிசைந்தான்.

"திங்கக்கிழமை பட்டறையை மூடலாம்னு இருக்கேன். நானும் எங்கயாவது போறேன்."

நீவெஸின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னான்: "உன்கூட இல்ல! தனியா."

"யாரோட?" என்று கேட்டாள் நீவெஸ்.

இருவரும் சிரித்து ஓய்ந்த பிறகு, "எங்க போகட்டும், நீயே சொல்லேன்" என்றான்.

"அது மட்டும் முடியாது. நீயே உக்காந்து தேடு." அவள் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்து அவனை உட்கார வைத்துவிட்டு, தரையைக் கூட்டப் போனாள். கடைசி முடி வரை கூட்டி முடித்தும் அவன் தேடிக்கொண்டிருந்தான். ரவென்னா என்றான், வேண்டாம் என்றான். வெனிஸ் என்றான், கூட்டம் என்றான். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"போஜ்ஜோ ருஸ்கோ!"

"எது?"

"ஸ்டேஷன்ல சொல்லுவாங்களே. சின்ன வயசுலேருந்து கேக்குறேன், 'போஜ்ஜோ ருஸ்கோ செல்லும் வண்டி', 'போஜ்ஜோ ருஸ்கோ செல்லும் வண்டி'ன்னு. நம்ம ஊர்ல அந்தப் பேரு தெரியாதவன் இல்ல; அங்க போனவனும் இல்ல. அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துட்டு வர்றேன்."

திங்கட்கிழமை காலையில் இருவரும் சேர்ந்தே ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். அவள் ரிமினிக்கு, அவன் போஜ்ஜோ ருஸ்கோவுக்கு. நடைமேடையில் கன்னத்தில் முத்தம் கொடுத்துப் பிரிந்தார்கள். அவன் சன்னல் வழியே, பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போகிற பையன் மாதிரி கையை ஆட்டிக்கொண்டே போனான். நீவெஸ் அன்று கடலோரமாக ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள், வறுத்த மீன் சாப்பிட்டாள், ஆள் இல்லாத மணலில் குரலைத் திறந்து பாடினாள்.

சாயங்காலம் பொலோஞ்ஞாவில் இறங்கி, அவன் வண்டி வருகிற நடைமேடைக்குப் போய் நின்றாள். வண்டி வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். கடைசியாக ஓரெஸ்தே இறங்கினான், குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஒரு பெரிய பூசணிக்காயை மார்போடு அணைத்துக்கொண்டு.

"என்ன இது?"

"சீட்டாட்டத்துல ஜெயிச்சேன்! மத்தியானம் ஒரு காபிக் கடையில நுழைஞ்சேனா, மூணு பேரு உக்காந்து நாலாவது ஆளுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. 'உக்காருடா'ங்கிறான், பேருகூடக் கேக்கல. சாப்பாடும் அங்கயே. ஒருத்தன் பேரு ஆர்னால்தோ. அவனுக்கும் முழங்கால் தகராறு, அதுவும் வலதுகால்தான்!"

"ஊரு எப்படி இருக்கு?"

ஓரெஸ்தே நின்றான். பூசணிக்காயை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறு கையை அகலமாக விரித்தான். அவன் கண்கள் மின்னின.

"மூடுபனி, நீவெஸ். ஒரே மூடுபனி. ஒரு தெரு தெரிஞ்சுது, ஒரு மணிக்கூண்டு பாதி தெரிஞ்சுது. அங்க ஒண்ணுமே இல்ல. பாக்குறதுக்கு ஒண்ணுமே இல்ல!" அவன் சந்தோஷமாகச் சொன்னான். "அடுத்த வாரமும் போறேன்."